கீழே இருந்த இரண்டாவது தட்டு

நம் குடும்பப் பதிவேட்டில் 2023ஆம் ஆண்டு மே 31ஆம் நாளுக்கு எதிரே நான் எழுதியிருந்த வாசகம் இது: "அருட்சகோதரி ஜாஸ்பினின் நித்திய வார்த்தைப்பாடு, ஏற்காடு. பெற்றோர் பால்ராஜ், அற்புதமேரி இருவராலும் வண்டிக் கோளாறு காரணமாகக் கலந்துகொள்ள இயலவில்லை."

சென்ற ஆண்டு நவம்பரில், என் அக்கா அற்புதமேரியின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து எல்லோரும் வீட்டில் இருந்தபோது, அக்காவின் கணவர் பால்ராஜ் பதிவேட்டை வாங்கிப் படித்தார். 'வண்டிக் கோளாறு' என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டார்.

"இத அடிச்சிரு மாப்ள. வண்டில ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப என்னன்னு எழுதட்டும் மச்சான்?"

"நடந்தத எழுது."

நடந்தது ஒரு வரியில் அடங்கக்கூடியதன்று. ஆகவே இப்பக்கங்களை அந்த நாளுக்குப் பின்னே இணைக்கிறேன். நான் நேரில் கண்டவை எவை, அவர் சொல்லக் கேட்டவை எவை என்பதை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

பால்ராஜ் 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு 14 அன்று பிறந்தார். ஆவூர்ப் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் அதே மாதம் 21ஆம் தேதியில் அவர் பெயர் இருக்கிறது. 1984 முதல் 2018 வரை முப்பத்து நான்கு ஆண்டுகள் கீரனூர் வழியாகத் திருச்சிக்கு ஓடும் தனியார் பேருந்துகளில் ஓட்டுநர். 1989இல் என் அக்காவை மணந்தார். 1993இல் ஜாஸ்பின் பிறந்தாள். அவள் ஒரே பிள்ளை. இருபது வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். ஒரே பிள்ளையைக் கொடுக்கிறீர்களே என்று உறவினர் பலரும் கேட்டபோது அக்கா சொன்ன பதில், "குடுக்கல. கொண்டுபோயி விடுறோம். கடைசி வார்த்தைப்பாட்டுக்கும் நானும் அவரும்தான் பீடத்துல கொண்டுபோயி விடணும்," என்பது. அந்த விருப்பமே பின்னர் நடந்தவை அனைத்துக்கும் காரணம்.

நம் இளையவர்கள் அறியும்பொருட்டு ஒன்றை விளக்க வேண்டும். வாழ்நாள் முழுவதற்குமான துறவற உறுதிமொழியாகிய நித்திய வார்த்தைப்பாட்டின்போது அருட்சகோதரியைப் பெற்றோர் இருவரும் இரு பக்கமும் நின்று பீடம்வரை அழைத்துச் செல்வது வழக்கம். எரியும் மெழுகுதிரியைத் தாய் மகளின் கையில் கொடுப்பார். பிறகு பெயர் சொல்லி அழைக்கப்படும்போது மகள், "இதோ, வருகிறேன்," என்று மறுமொழி கூறுவாள். அதன்பின் அவள் சபைக்குரியவள்.

2020 டிசம்பர் 6 அன்று கீரனூர் ரயில்வே கேட் அருகே அக்கா ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். பால்ராஜ் ஒரு நாற்பது பக்க நோட்டில் புரட்டிய நேரங்களை எழுதிவந்தார். மூன்று ஆண்டுகளில் அப்படிப் பதினேழு நோட்டுகள் சேர்ந்தன. அவை இப்போது என்னிடம் உள்ளன. எந்தப் பக்கத்திலும் நேரம் விடுபடவில்லை.

ஜாஸ்பினின் வார்த்தைப்பாடு ஏற்காட்டில் நடக்கும் என்று 2022 தொடக்கத்தில் தெரிந்தது. ஆம்புலன்சில் போகலாம் என்று நான் சொன்னேன். அக்கா ஒப்பவில்லை.

"ஆம்புலன்சுல போயி எறங்குனா, பாக்குற சிஸ்டருங்கல்லாம் எனக்காக அழுவாங்கடா. எம் மக கல்யாண நாளு அது. நான் ஒரு வீட்டுலேருந்து போற மாதிரி போகணும்."

"அப்ப வீட்டையே கொண்டுபோவோம்," என்றார் பால்ராஜ். வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம்.

2022 மார்ச் 12 அன்று திருமயம் பக்கத்துக் கல்லூரி ஒன்று கழித்துவிட்ட இருபத்தாறு இருக்கை டீசல் பேருந்து எங்கள் ஊருக்கு வந்தது. பத்து மாதம் அதிலேயே பால்ராஜின் பொழுது கழிந்தது. இருக்கைகளை எடுத்துவிட்டுக் கட்டில் வைத்தார். தண்ணீர்த் தொட்டி, சிறு அடுப்பு, ஏ.சி., கைகால் கழுவ ஒரு மறைப்பு எல்லாம் அமைத்தார். படுத்திருப்பவர் கண்ணுக்குச் சரியான உயரத்தில் பக்கச் சுவரை வெட்டி ஒரு சன்னல் வைத்தார். ஊரார் அதை வீட்டு வண்டி என்று அழைத்தார்கள்.

வண்டி வந்த முதல் நாளிலேயே அவர் செய்த வேலை வேறொன்று. அன்று நான் அங்கிருந்தேன். எஞ்சினைத் திறந்து உள்ளங்கை அளவான ஒரு பித்தளைப் பொருளைக் கழற்றி எடுத்தார். அதைத் துடைத்துக் கொண்டுவந்து கட்டிலில் கிடந்த அக்காவிடம் காட்டினார்.

"இது என்னங்க?"

"தெர்மோஸ்டாட் வால்வு. இங்க பாரு மேரி, எஞ்சினுக்குள்ள தீ. தீயச் சுத்தித் தண்ணி ஓடுது. பம்பு தள்ளிவிடும். தண்ணி உள் சொவரெல்லாம் சுத்திச் சூட்ட வாங்கிக்கிட்டு மேல ஏறி ரேடியேட்டருக்குப் போகும். அங்க காத்தாடி ஊதும். ஆறிப்போயி கீழ வழியா பம்புக்கே திரும்பிரும். அம்புட்டுத்தான்."

"அதுல இதுக்கு என்ன வேல?"

"இவன் வாசல்ல ஒக்காந்துருக்க வாட்ச்மேன். எஞ்சின் நல்லாச் சூடேறுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடமாட்டான். குளுருற ஊருக்காரனுக்கு இவன் வேணும். கீரனூர் வெயில்ல இவனுக்கு என்ன சோலி? சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்குவான்."

அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே ஒரு பெரிய தட்டு. அதன் கீழே ஸ்பிரிங். அதற்கும் கீழே சிறிய தட்டு ஒன்று.

"மேல உள்ள தட்டு தெறந்து விடுறதுக்குங்குறீங்க. கீழ இன்னொரு தட்டு இருக்கே, அது எதுக்கு?"

"ஸ்பிரிங்குக்கு முட்டுக் குடுக்க."

"முட்டுக்கு எதுக்குங்க இம்புட்டு வழுவழுன்னு ஒரு தட்டு?"

"நீ என்ன ஆர்.டி.ஓ. ஆபீசுல இருந்து வந்துருக்கியா?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா அந்த வால்வைத் தம் மாத்திரைப் பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டார்.

பால்ராஜ் வால்வைக் கழற்றியதற்குக் காரணம் உண்டு. 1994இல் அவர் ஓட்டிய பேருந்தில் அந்த வால்வு திறக்காமல் ஒட்டிக்கொண்டு, எஞ்சின் கீரனூருக்கு முன்னே இறுகி நின்றுவிட்டது. நாற்பது பயணிகள் முன்னிலையில் முதலாளி அவரைத் திட்டினார். அன்றிலிருந்து தம் கைக்கு வந்த எந்த வண்டியிலும் அவர் வால்வை விட்டுவைத்ததில்லை. நம் பக்கத்தில் அவர் மட்டுமல்ல, எந்தப் பட்டறையிலும் அதுதான் வழக்கம்.

சமதரையில் வண்டி நன்றாக ஓடியது. திருமயத்துக்குக் கூட்டிப்போனார். அக்கா படுத்தபடியே கோட்டையைப் பார்த்தார். ஆவுடையார்கோவில்வரை ஒருநாள் போய்வந்தார்கள். இரண்டு ஆண்டுகளாக மருத்துவமனையைத் தவிர வேறெதையும் காணாதவர், வழியில் நின்ற ஆடுகளைக்கூட எண்ணிவைத்திருந்து எனக்குச் சொன்னார்.

2023 பிப்ரவரியில், தொட்டி நிறையத் தண்ணீரும் ஏ.சி.யுமாக மணப்பாறைப் பக்கம் போனபோது, மேடான இடங்களில் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்புக்கு ஏறியது. அடுத்த மூன்று மாதங்களில் பால்ராஜ் ரேடியேட்டரைக் கழுவினார். பிறகு அதையே மாற்றினார். பம்பு, பெல்ட், மூடி, ரப்பர்க் குழாய்கள் எல்லாம் புதிதாயின. கிணற்று உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கூலன்ட் ஊற்றினார். மூன்று பட்டறைகளில் காட்டினார். மூன்றிலும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான் என்று அவர் சொன்னார்.

"வால்வு இருக்காண்ணே?"

"மொத நாளே எடுத்தாச்சு."

"அப்ப அதுல பிரச்சன இல்ல."

அந்தக் கல்லூரியில் வண்டியை ஓட்டிய குணசேகரன் என்பவரிடமும் தொலைபேசியில் பேசினார். "அஞ்சு வருசம் கொடைக்கானல் டூர் போயிட்டு வந்த வண்டிண்ணே. ஒரு நாளும் சூடேறுனதில்ல. ஒங்க கைராசி என்னமோ," என்றார் குணசேகரன். அந்த ஐந்து ஆண்டுகளில் வண்டியில் இருந்து இப்போது இல்லாதது எது என்று பால்ராஜ் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

மே 30 காலை அவர்கள் இருவரும் புறப்பட்டார்கள். நானும் என் மனைவியும் முன்தினமே ரயிலில் போய் ஏற்காட்டு மடத்தில் இருந்தோம். ஆகவே மலைப்பாதையில் நடந்தவை பால்ராஜ் பின்னர் சொன்னவை.

சேலத்தில் ஒரு பங்குக் கோயில் வளாகத்தில் தங்கிவிட்டு, 31ஆம் தேதி காலை ஏழு மணிக்கு மலை ஏறத் தொடங்கினார்கள். திருப்பலி பத்தரை மணிக்கு. இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே ஊசி ஏறிவிட்டது. நிறுத்தி ஆறவிட்டு ஏறினார். நான்காவதில் மறுபடி. ஆறாவதில் மறுபடி. ஒன்பதாவது வளைவில், ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்கு, தண்ணீர் கொதித்து வெளியே பாய்ந்தது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது என்பது ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கும் தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுகளில் செய்யாத அந்தத் தவற்றை அன்று அவசரத்தில் செய்தார். இடது கை முழங்கைவரை வெந்தது. ஈரத்துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

அப்போது ஒரு எஸ்டேட் ஜீப் நின்றது. ஒருவருக்கு இடம் இருந்தது.

"நீங்க போங்க," என்றார் அக்கா. "ஒருத்தராச்சும் நிக்கணும்ல. பாவம், புள்ள வாசலப் பாத்துக்கிட்டே இருக்கும்."

"பத்து மணிக்கு ஒன்னயப் பெரட்டணும்."

"ஒரு நாளு பெரட்டலைன்னா செத்தா போயிருவேன்?"

பால்ராஜ் ஜீப்பைப் போகச் சொல்லிவிட்டார். நோட்டில் மே 31, பத்து மணி என்ற குறிப்பு இருக்கிறது.  

மேலே நாங்கள் பத்தே முக்கால் வரை காத்திருந்தோம். அவர்கள் இருந்த வளைவில் தொலைபேசித் தொடர்பு இல்லை. பிறகு குருவானவர் என்னைப் பார்த்தார். ஜாஸ்பின் என்னிடம், "வாங்க மாமா," என்று மட்டும் சொன்னாள். தந்தை நிற்க வேண்டிய இடத்தில் நானும், தாய் நிற்க வேண்டிய இடத்தில் என் மனைவியும் நின்று அவளை அழைத்துச் சென்றோம். என் மனைவி மெழுகுதிரியைக் கொடுத்தாள். பத்து மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு ஜாஸ்பினின் பெயர் அழைக்கப்பட்டது. நேரங்களைக் குறித்துக்கொள்வது என் பழக்கமாதலால் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

கீழே, ஒன்பதாம் வளைவில், அக்கா மணி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பத்து ஐம்பது என்று பால்ராஜ் சொன்னபோது, "இப்பப் பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க," என்றாராம். கண்ணை மூடிக்கொண்டு, திருப்பலியில் குருவானவர் அழைக்கும் குரலிலேயே, "ஜாஸ்பின்," என்று அழைத்தார். கணவரைத் தவிர யாரும் இல்லாத அந்த வண்டியில் தாமே, "இதோ, வருகிறேன்," என்றும் மறுமொழி சொன்னார். பால்ராஜ் இறங்கிப் போய் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

தண்ணீர் ஆறக் காத்திருந்த நேரத்தில் அக்கா அவரை அழைத்துக் கேட்டது இது.

"ஏங்க, எல்லாத் தண்ணியும் ரேடியேட்டருக்குத்தான் போவுதுன்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? கண்ணால பாத்தீங்களா?"

"வேற எங்கிட்டுப் போகும்?"

"நம்ம ஊரு தேரு வாரப்ப கெணத்துச் சந்துல கயிறு கட்டுவாங்கள்ல. கட்டலைன்னா பாதிச் சனம் தெருவச் சுத்தாம அங்கிட்டுப் பூந்து கோயிலுக்கே திரும்பிரும். அது மாதிரி இதுலயும் ஒரு சந்து இருந்தா?"

"நீ பேசாமப் படு மேரி."

திருப்பலி முடிந்தபின் அந்த ஜீப்காரர் மடத்துக்கு வந்து சேதி சொல்லவே, ஜாஸ்பின் தலையில் சூட்டிய மலர் முடியைக் கழற்றாமல், இரண்டு மணிக்கு என்னோடு ஜீப்பில் இறங்கி வந்தாள். வண்டிக்குள் ஏறியவளை அக்கா மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், இம்புட்டு லேட்டு? நாங்க எப்பயோ வந்துட்டோம்."

ஜாஸ்பின் மலர் முடியை எடுத்து அம்மாவின் தலையணையில் வைத்தாள். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள். அதற்குமேல் அவர்கள் மூவரும் பேசியதை நான் கேட்கவில்லை. நான் சாலையில் நின்றிருந்தேன்.

இறக்கத்தில் எஞ்சினுக்குச் சிரமமில்லை. வண்டி சூடேறாமல் ஊர் திரும்பியது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று, சிறுநீரகத்தில் ஏற்பட்ட கிருமித் தொற்றால் அற்புதமேரி காலமானார். வயது ஐம்பத்தாறு. படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லாத உடம்பு என்று மருத்துவமனைச் செவிலியர் வியந்தார்.

2024 ஜனவரி 17 அன்று பால்ராஜ் என்னை வரச் சொன்னார். போனபோது சமையலறையில் இருந்தார். அடுப்பில் பால் பாத்திரம், அதில் தண்ணீர். மாத்திரைப் பெட்டியை ஒதுக்கியபோது அந்த வால்வு அகப்பட்டதாம். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தார்.

"பாரு மாப்ள. தண்ணி கொதி வரப்போகுது."

மேல்தட்டு மெல்லத் தன் இடத்தைவிட்டு விலகியது. அது விலக விலக, ஸ்பிரிங்குக்குக் கீழே இருந்த சிறிய தட்டு அதே அளவு கீழே இறங்கியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு விளங்கவில்லை. கையைப் பிடித்து வண்டிக்கு அழைத்துப் போனார். எஞ்சினில் வால்வு உட்காரும் இடத்தை டார்ச் அடித்துக் காட்டினார். அதன் அடியில், அந்தச் சிறிய தட்டின் அகலத்துக்குச் சரியாக ஒரு துளை இருந்தது.

"இதுதான் மேரி சொன்ன சந்து. எஞ்சின் சூடேறுறதுக்கு முன்னாடி தண்ணி இந்த வழியா ரேடியேட்டருக்குப் போகாம பம்புக்கே திரும்பும். சூடேறுனதும் மேல்தட்டு ரேடியேட்டர் வழியத் தெறக்கும். கீழ்த்தட்டு எறங்கி இந்தச் சந்த மூடும். நான் காவக்காரன எடுத்துட்டேன். கயித்தையும் அவந்தான் புடிச்சிருந்தான். பாதித் தண்ணி கொதிக்கக் கொதிக்க ஆறாமயே சுத்திக்கிட்டு இருந்துருக்கு. சமதரையில தெரியல. ஏத்தத்துல தெரிஞ்சிருச்சு."

பிறகு இன்னொன்றும் சொன்னார். பழைய கம்பெனியின் பட்டறையில் தலைமை மெக்கானிக் வால்வை எடுக்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி உள்ளே எங்கோ அடித்து இறுக்குவாராம். ஓட்டுநர் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி பால்ராஜ் அதைப் பலமுறை பார்த்திருக்கிறார். அது இந்தச் சந்தை அடைக்கத்தான் என்று அப்போது அவருக்குத் தெரியாது; எதற்கு என்று கேட்டதுமில்லை.

"அவ ரெண்டு தடவ கேட்டா மாப்ள. நான் ஒரு தடவகூடக் கேக்கல."

அடுப்பில் தண்ணீர் வற்றும் சத்தம் கேட்டுத்தான் உள்ளே திரும்பினோம்.

வால்வை அதன் இடத்தில் மறுபடி பொருத்தினார். பிப்ரவரி 3 அன்று, எவரையும் உடன் சேர்க்காமல் ஏற்காட்டுக்குப் புறப்பட்டார். தொட்டியில் முன்போலவே தண்ணீர் நிரப்பினார். ஏ.சி.யையும் போட்டுக்கொண்டார். கட்டிலில் அக்காவின் எடைக்கு ஈடாக நெல் மூட்டை ஒன்றை வைத்தார். அதை ஏன் வைத்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, "அன்னிக்கி மாதிரியே இருக்கணும்ல," என்றார். இரண்டாம் வளைவு, நான்காம் வளைவு, ஆறாம் வளைவு. ஊசி நடுவில் நின்றது. ஒன்பதாம் வளைவில் தாமாகவே நிறுத்தினார். மணி பத்து. கட்டிலருகே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே ஏறினார்.

மடத்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு ஜாஸ்பின் ஓடி வந்ததாகவும், வந்தவள் அவரைப் பார்க்காமல் முதலில் அந்தத் தாழ்ந்த சன்னலைப் பார்த்ததாகவும் பால்ராஜ் சொன்னார். அவளும் பின்னர் என்னிடம் அதையே சொன்னாள். அப்பா அவளிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஊசி அசையலத்தா," என்பது.

வண்டியை அவர் விற்கவில்லை. ஆவூர்ப் பக்கத்தில் படுத்தபடுக்கையாக இருப்பவர்களை மருத்துவமனைக்கும் திருவிழாவுக்கும் அதில் கொண்டுபோய் வருகிறார். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே, அவர்களைப் புரட்டும் நேரங்களைக் குறிக்கும் பதினெட்டாவது நோட்டு இப்போது இருக்கிறது. இடது கையில் தழும்பு இருக்கிறது. மற்ற ஓட்டுநர்கள் வால்வைப் பற்றிக் கேட்டால், கழற்றாதே என்று மட்டும் சொல்கிறார். காரணம் சொல்வதில்லை.

நவம்பரில் அவர் சொன்னபடி பழைய வாசகத்தை அடித்து, மேலே புதிதாக எழுதிக் காட்டினேன்: "பெற்றோர் இருவரும் ஒன்பதாம் வளைவில் நின்றுவிட்டனர். குற்றம் வண்டியுடையதன்று. அற்புதமேரி கேட்ட கேள்விக்குப் பால்ராஜ் விடை தேடவில்லை."

அவர் இரண்டுமுறை படித்தார். பேனாவை வாங்கித் தம் பெயரின் முதல் எழுத்தை ஓரத்தில் இட்டார். பதிவேட்டைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஏதாச்சும் சேக்கணுமா மச்சான்?"

"அவ பேரச் சொல்லிக் கூப்புட்டதையும் எழுது. வரலைன்னு மட்டும் இருந்தா நல்லால்ல."

நேரத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் கணக்கில் பத்து ஐம்பதைத் தாண்டி ஓரிரு நிமிடம். என் கடிகாரத்தில் பத்து ஐம்பத்திரண்டு. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாம் என்று கருதி இவ்வாறு எழுதி முடித்தேன்: "காலை பத்து ஐம்பத்திரண்டுக்குப் பெயர் அழைக்கப்பட்டபோது, தாய் ஒன்பதாம் வளைவிலிருந்து மறுமொழி கூறினார்."